ஒரு நாய், இரண்டு மண்டலம்

எங்கள் தெருவின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. யாரும் அதைப் போட்டதில்லை, ஆனால் மாநகராட்சிக்கு அது எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். எங்கள் வீடு இருக்கும் பக்கம் ஒரு மண்டலம். என் அக்கா குடியிருக்கும் எதிர்ப்பக்கம் வேறு மண்டலம். தேனாம்பேட்டைக்கும் தி. நகருக்கும் நடுவில் இப்படி ஒரு தெரு சிக்கிக்கொண்டிருப்பது இங்கே குடிவரும்வரை எனக்குத் தெரியாது. குப்பை வண்டி எங்களுக்கு ஏழு மணிக்கு வரும், அக்காவுக்கு ஒன்பது மணிக்கு. ஏழு மணி வண்டியைத் தவறவிட்டால் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுவிடுவேன். வேறு மண்டலத்துக் குப்பை என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

கொசு மருந்து அடிப்பவர் இன்னும் கறார். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் புகை காட்டிவிட்டு, அக்கா வாசலைப் பார்க்காதது போலத் திரும்பிவிடுவார். புகை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் தெருவைக் கடந்து அக்கா வீட்டு ஹாலுக்குள் போகும். "எங்க மண்டலத்துக்கு ஓசியில வருதுடா, வரட்டும்" என்று அக்கா ஜன்னலைத் திறந்து வைப்பாள்.

இந்தக் கோட்டின் மேலேயே, இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடாத ஓரிடத்தில், துணி தேய்ப்பவரின் வண்டி நின்றது. வண்டிக்குக் கீழே ஒரு நாய். பழுப்பு நிறம், முன்னங்கால் ஒன்று மட்டும் சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல வெள்ளை. எங்கள் பக்கத்தில் தூங்கும், அக்கா பக்கத்து டீக்கடையில் சாப்பிடும். அதை எந்த மண்டலத்தில் சேர்ப்பது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை, அது என் மகளைக் கடிக்கும்வரை.

கடித்தது என்றால் அவள் சண்டைக்கு வருவாள். "கடிக்கல, நான்தான் அது வாலை மிதிச்சேன். அது சும்மா பல்லை வச்சுப் பார்த்துச்சு" என்பாள். வண்டிக்கு அடியில் போய்விட்ட இறகுப்பந்தை எடுக்கக் குனிந்திருக்கிறாள். கெண்டைக்காலில் பல் உரசி இரண்டு சிவப்புக் கோடு. ரத்தம் வரவில்லை. எனக்குத்தான் உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். குளியலறைக் குழாயடியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பதிமூன்று வயதுப் பெண் ஒரு காலில் நின்றுகொண்டு நேர்முக வர்ணனை செய்தாள்.

"ஏழாவது நிமிடம். அப்பா மூன்றாவது முறையாக சோப்பைக் கீழே போடுகிறார். நாயின் நிலைமை என்னவென்று தெரியவில்லை."

"வாயை மூடு."

"மம்மி, அப்பா அழறாரு!"

அழவில்லை. தண்ணீர் தெறித்தது. என் மனைவி மயிலாப்பூரில் எங்கள் பங்குக்கோயில் பள்ளியில் ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள். எங்கள் இருவரையும் அதே பார்வை பார்த்துவிட்டு, "மாதாவே! கழுவினது போதும். ஊசி போடக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

எங்கள் பக்கத்து மாநகராட்சி ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம்தான். அங்கே இருந்த சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். குரலைக் கேட்டால் ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளைகள் குரலுக்குப் பயந்து ஊசியை மறந்துவிடுவார்கள். நான் என் நிலைமையை முறையாக விளக்க ஆரம்பித்தேன். வீடு இந்த மண்டலம், ஆனால் நாய் நின்ற இடம் எல்லையில், நாய் சாப்பிடுவது வேறு மண்டலம்.

"சார்" என்றார் சிஸ்டர். "நாய் கிட்ட ஆதார் கார்டு கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப நானும் கேக்கல. பாப்பா, கையைக் காட்டு."

இரண்டு தோளிலும் ஒவ்வொன்று, மேல்தோலிலேயே, எறும்பு கடித்த அளவு. மகளுக்கே ஏமாற்றமாக இருந்தது. இன்று ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சிஸ்டர் அட்டையில் எழுதினார். அப்புறம் அவர்களுடைய ஏற்பாட்டைச் சொன்னார்.

ஒரு குப்பி மருந்தில் நாலைந்து பேருக்குப் போடலாம். உடைத்துக் கலக்கினால் சாயந்திரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். முதல் ஊசிக்கு வருகிறவருக்கு ஆள் எண்ணுவதில்லை, ஒருவர் வந்தாலும் உடைத்துவிடுவார்கள். ஆனால் அடுத்தடுத்த ஊசிக்கு வருகிறவர்கள் இங்கே இரண்டு பேர், எதிர் மண்டலத்து ஆஸ்பத்திரியில் மூன்று பேர் என்று சிதறிக் கிடந்தால் இரண்டு குப்பி பாழ். அதனால் இந்த சிஸ்டரும் அந்தப் பக்கத்து சிஸ்டரும் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். மாலையில் ஆளுக்கொரு நோட்டை எடுத்து, மறுநாள் வர வேண்டியவர்களின் பட்டியலை ஒருவருக்கொருவர் போனில் அனுப்புவார்கள். எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அங்கே எல்லோரும். பட்டியலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் அன்று மாலையே தகவல் போகும்.

"மேலிடத்துல யாருக்கும் இந்த யோசனை வரல. எங்களுக்கு டீக்கடையில வந்துச்சு" என்றார் சிஸ்டர். "நீங்க பேசாம வீட்டுல இருங்க. போன் வரும்."

பேசாமல் வீட்டில் இருப்பது எனக்கு வராத கலை. நாய் பத்து நாள் நல்லபடியாக இருந்தால் கவலையில்லை என்றும் சிஸ்டர் சொல்லியிருந்தார். ஆகவே தினமும் காலை பல் துலக்குவதற்கு முன் போய் நாய்க்கு வருகைப்பதிவு எடுத்தேன். பிஸ்கட்டைத் தூரத்திலிருந்து வீசுவேன். தின்கிறதா? தின்கிறது. தண்ணீர் குடிக்கிறதா? குடிக்கிறது. வாலை ஆட்டுகிறதா? என்னைப் பார்த்து மட்டும் ஆட்டவில்லை. துணி தேய்ப்பவர் என்னை வேடிக்கை பார்த்தார்.

"இன்னா சார், நாயி மேல திடீர்னு பாசம்?"

"சும்மாதான்."

"பிஸ்கட்டை கைல குடு சார். தூக்கிப் போட்டா அதுக்கு ரோஷம் வருது."

மூன்றாம் நாள் ஊசிக்குச் சொன்னபடி முந்தின மாலை போன் வந்தது. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த சிஸ்டர் இளம் பெண், மெல்லிய குரல், ஊசி போட்டுவிட்டு மகளிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லாம் நன்றாகவே நடந்தது. நடந்து முடிந்த பிறகுதான் மேசைமேல் இருந்த அந்தப் பக்கத்து நோட்டு என் கண்ணில் பட்டது.

எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. எங்கள் பக்கத்து சிஸ்டர் ஏழாம் நாள் மறந்துவிட்டால்? அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? அவருடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டால்? இந்த நோட்டிலும் மகள் பெயர் இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். மகளை வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், ஏழாம் நாளுக்கு இங்கேயே எழுதிக்குங்க. நாங்க இந்தப் பக்கம்தான்" என்றேன். அக்கா வீட்டுக் கதவிலக்கத்தையும் அக்காவின் போன் எண்ணையும் கொடுத்தேன். அவர் சந்தேகமே படாமல் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே விபத்துக்கு இரண்டு இடத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்று துருவிப் பார்ப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அகப்பட்டவர்களை எதிரே உட்கார வைத்து, "படிச்சவங்க, நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்பேன். அந்தக் கேள்வி அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தது. மகளுக்குத்தான் இடம் போதவில்லை.

ஆறாம் நாள் மாலை போன் வரவில்லை. ஆறு மணி, ஏழு மணி. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி எண்ணை யாரும் எடுக்கவில்லை. நான் பதறவில்லை. இரண்டு பட்டியல் இருக்கிறதே. அக்காவைக் கூப்பிட்டேன்.

"உனக்கு ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சா?"

"எனக்கு எதுக்குடா வரணும்? என்னை யார் கடிச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். "சின்ன வயசுல ரெண்டு வரிசையில நின்னு ரெண்டு பாயசம் வாங்குவியே, அந்தப் புத்தி இன்னும் போகலையா?" என்றாள் அக்கா.

ஏழாம் நாள் காலை வருகைப்பதிவுக்குப் போனேன். நாய் இல்லை. வண்டியும் இல்லை. மழைநீர் வடிகாலுக்கு எங்கள் பக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி நின்ற இடத்தில் ஒரு பள்ளமும் அதைச் சுற்றி ஒரு பச்சைத் துணியும்தான் இருந்தன. நாய் ஏன் இல்லை? எங்கே போயிற்று? போயே போய்விட்டதா? வீட்டுக்கு ஓடி, பள்ளிச் சீருடையில் தோசை தின்றுகொண்டிருந்த மகளை அப்படியே ஸ்கூட்டரில் ஏற்றினேன். சட்னியோடுதான் வந்தாள்.

எங்கள் பக்கத்து சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். மகள் பெயர் இருந்தது. அதன்மேல் ஒரு நேர்க்கோடும் இருந்தது.

"அடிச்சிருக்கே" என்றேன்.

"ஆமா சார். நேத்து அந்தப் பொண்ணு அனுப்பின லிஸ்ட்ல உங்க பாப்பா பேர் இருந்துச்சு. சரி, அந்தப் பக்கம் மாத்திக்கிட்டீங்கபோலனு அடிச்சேன். இன்னிக்கு எல்லாருக்கும் அங்கதான். சீக்கிரம் போங்க."

போனோம். நாலு சிக்னல். இளம் சிஸ்டர் அழகான கையெழுத்தைத் திறந்து காட்டினார். அதன்மேல் அதைவிட அழகாக, அளவுகோல் வைத்து, ஒரு கோடு.

"மேடம் லிஸ்ட்ல பார்த்தேன் சார். அவங்க பேஷன்ட், அவங்களே பார்த்துப்பாங்கன்னு எடுத்துட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் பட்டியலை அனுப்பியிருக்கிறார்கள். இவர் பட்டியலில் பெயரைப் பார்த்து அவர் அடித்திருக்கிறார், அவர் பட்டியலில் பார்த்து இவர் அடித்திருக்கிறார். ஒரு பட்டியலில் மட்டும் இருந்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இரண்டில் எழுதி வைத்து, என் மகளை இரண்டிலும் இல்லாமல் ஆக்கிய ஒரே ஆள் நான்தான்.

"இப்ப போட்டுடலாமே சிஸ்டர்?"

அவர் கண் கலங்கிவிட்டது. "இங்க இருந்தது ஒரே குப்பி சார். வந்த அஞ்சு பேருக்கும் போட்டு முடிச்சுட்டேன். மேடம்கிட்ட ஒண்ணு இருக்கு."

மறுபடி நாலு சிக்னல். மகள் பின்னாலிருந்து, "ப்பா, நாம எந்த மண்டலத்துல இருக்கோம் இப்ப?" என்று கேட்டாள். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் தன் தாடையை என் தோளில் வைத்து, "ஊசி இன்னிக்குள்ள கிடைச்சிடும்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். அதுவரை அவள் கிண்டல் மட்டுமே செய்திருந்தாள். அந்த ஒரு கேள்வி இப்போதும் அந்த சிக்னலில் நிற்கும்போதெல்லாம் காதில் விழுகிறது.

எங்கள் பக்கத்து சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். வரிசையில் இருந்த பிள்ளைத்தாய்ச்சிகள், சர்க்கரை மாத்திரைக்கு வந்த பெரியவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"ரெண்டு வீடு, ரெண்டு நம்பர்" என்றார் சிஸ்டர். "பாப்பா ஒண்ணுதானே? இல்ல, அதுவும் ரெண்டா?"

வரிசை சிரித்தது. மகளும் சேர்ந்து சிரித்தாள். நான் சுவரில் இருந்த, தாய்ப்பாலின் நன்மைகளைச் சொல்லும் படத்தைக் கவனமாகப் படித்தேன்.

சிஸ்டர் குளிர்பெட்டியிலிருந்து ஒரே ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். "உடைக்கத்தான் போறேன். ஒரு ஆளானாலும் உடைப்பேன், பயப்படாதீங்க. ஆனா இது கடைசி. நாளைக்குத்தான் வரும். மிச்சத்தைச் சாயந்திரம் கொட்டினா என் மனசு ஆறாது." கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆயிடாது. ஊசி போடாம டிமிக்கி குடுத்தவங்க உங்க தெருவுல யாராச்சும் இருப்பாங்க. போய்க் கூட்டிட்டு வாங்க. பாப்பா இங்கயே இருக்கட்டும், அடகு."

நான் தெருவுக்கு ஓடினேன். உண்மையில் ஆளைத் தேடி ஓடவில்லை. நாயைத் தேடி ஓடினேன். எங்கள் பக்கம் முழுக்கப் பார்த்தேன், பள்ளத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். அப்போது எதிர்ப்பக்கம், அக்கா வீட்டு வேப்பமரத்தடியில், துணி தேய்ப்பவரின் வண்டி தெரிந்தது. அதன் கீழே ஒரு வெள்ளைக் கால்.

உயிரோடுதான் இருந்தது. கொட்டாவி விட்டது. அதன் எல்லாப் பற்களையும் அன்றுதான் எண்ணினேன்.

"இன்னா சார் இப்பிடி மூச்சு வாங்குற? இந்தப் பக்கம் வந்துட்டோம். அங்க பள்ளம் கீது" என்றார் துணி தேய்ப்பவர். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்த அவர் கையில் ஒரு பழைய துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல சார். முந்தாநேத்து நாயி கோழி எலும்பு துன்னுக்கினு இருந்துச்சு. தொண்டையில மாட்டிக்கப் போவுதுன்னு புடுங்கினேன். பல்லு வச்சிருச்சு."

"ரத்தம் வந்துச்சா?"

"லேசா. நம்ம நாயி சார். அதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஊசி?"

"எங்க போய்ப் போடுறது? வண்டி நடுவுல கீது, வூடு வேற ஏரியா. கார்டு கேப்பான், அங்க போ இங்க போம்பான். நாள் பொயப்பு போயிடும் சார்."

அவரிடம் நியாயம் பேசினேன். ரேபிஸ் எப்படி வரும், வந்தால் என்ன ஆகும் என்று ஒரு வாரமாகத் தேடித் தேடிப் படித்ததையெல்லாம் சொன்னேன். அவர் சட்டைக் கழுத்தை மடக்கித் தேய்த்துக்கொண்டே கேட்டார், அசையவில்லை. எனக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே இருபது வருடமாக மற்றவர்களிடம் கேட்டுப் பழகியதைச் செய்தேன். பொய் சொன்னேன்.

"அண்ணே, என் பொண்ணு ஊசிக்கு உக்காந்திருக்கா. ஒரு ஆளுக்கு மட்டும்னா குப்பியை உடைக்க மாட்டாங்களாம். இன்னொரு ஆள் வந்தாத்தான் அவளுக்குப் போடுவாங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா சார்? குயந்தைய உக்கார வச்சுட்டு இங்க வந்து கத படிச்சுக்கினு கீற!"

வண்டியைப் பார்த்துக்கொள்ள அக்காவைக் கூப்பிட்டோம். "என் புடவையைத் தேய்ச்சு வச்சுட்டுப் போகச் சொல்லுடா" என்றாள். சொல்லிவிட்டு நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, நாய்க்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். நாய் அவளைப் பார்த்து வாலை ஆட்டியது.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் துணி தேய்ப்பவர் உரக்கச் சொன்னார்: "சிஸ்டரம்மா, நான் வந்துட்டேன். குயந்தைக்குப் போடுங்க. ஒரு ஆளுக்கு ஒடைக்க மாட்டீங்களாமே, இது இன்னா நாயம்?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மறுபடி தாய்ப்பால் படத்தைப் பார்த்தேன்.

"ஆமாப்பா" என்றார் சிஸ்டர், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "ரூல் அப்படி. உக்காரு. கையை அவிழ்."

முதலில் அவர் கையைக் குழாயடியில் வைத்துக் கால் மணி நேரம் கழுவினார்கள். என் மகள் வர்ணனை செய்தாள். பிறகு குப்பி உடைந்தது. மகளுக்கு மூன்றாவது, அவருக்கு முதலாவது. காயத்தில் ரத்தம் வந்திருந்ததால் காயத்துக்குள்ளேயே போடுகிற மருந்துக்கு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார் சிஸ்டர். துணி தேய்ப்பவர் போகாமல் இருந்துவிடுவாரோ என்று நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மாலைக்குள் ஒரு டெலிவரிக்காரரும் ஒரு வாட்ச்மேனும் வந்து குப்பியைக் காலி செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

நாய் பத்தாம் நாளைத் தாண்டியது. பதினோராம் நாளும் நான் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாளும்.

சிஸ்டர்கள் இருவரும் இப்போது பெயரை அடிப்பதற்கு முன் ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு அவர்களுக்குள் 'பாப்பா அப்பா ரூல்' என்று பெயராம். துணி தேய்ப்பவர் தன் போன் எண் எப்போதும் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும் என்று என் எண்ணைக் கொடுத்திருந்தார். அதனால் அவருடைய ஊசி நாட்களுக்கெல்லாம் போன் எனக்குத்தான் வந்தது. நான் போய் அவரிடம் சொல்வேன். "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய் வந்துவிடுவார்.

மகளின் இருபத்தெட்டாம் நாளுக்கு முந்தின மாலை என் போன் அடித்தது, பெரிய சிஸ்டர். வைத்ததும் மறுபடி அடித்தது, சின்ன சிஸ்டர். பிறகு அக்கா. "எனக்கும் போன் வந்துடுச்சுடா. நாளைக்கு உங்க பக்கமாம். இந்த ஒரு தடவையாவது ஒழுங்கா ஒரே இடத்துக்குப் போ."

கடைசி ஊசி போட்டுக்கொண்டு வந்த மகள் வீட்டுக்குள் வரவில்லை. நேரே தெருவைக் கடந்து வண்டிக்குப் போனாள். துணி தேய்ப்பவரிடம் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். அவள் குனிந்து கையை நீட்டினாள். நாய் அதை முகர்ந்தது. நான் எங்கள் பக்கத்து நடைபாதையிலேயே நின்றேன், கோட்டைத் தாண்டவில்லை. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் ஒரு புது சோப்புக் கட்டியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் இருந்தன. அவை இப்போதும் இருக்கின்றன.